பதவி இருக்கும்வரை தில்லி

புது தில்லியில் ஒருவருடைய வீட்டு முகவரி தெரிந்தால் போதும். அவர் எந்தப் பதவியில் இருக்கிறார், ஏறக்குறைய என்ன சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லிவிடலாம். நகரமே அப்படித்தான் வரையப்பட்டது. 1911 டிசம்பரில் நடந்த தில்லி தர்பாரில், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றப்போவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். எட்வின் லுட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வடிவமைத்த புதிய நகரம் 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ரெய்சினா மேட்டின் உச்சியில் வைஸ்ராய் மாளிகை, அதைச் சுற்றி உயரதிகாரிகளின் பங்களாக்கள், தள்ளிப் போனால் குமாஸ்தாக்களின் வரிசை வீடுகள், அதற்கும் அப்பால் சேவகர்களின் குடியிருப்பு. வைஸ்ராய்க்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கலாம் என்பதை அவரவர் பதவி தீர்மானித்தது.

வைஸ்ராய் போய்விட்டார், வரிசை அப்படியே இருக்கிறது. மத்திய அரசின் பொதுக் குடியிருப்புகள் இன்றைக்கும் வகை வகையாகவே ஒதுக்கப்படுகின்றன. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் நிலை 1-ல் இருப்பவருக்கு முதல் வகை வீடு, நிலை 6 முதல் 8 வரை மூன்றாம் வகை, 9 முதல் 11 வரை நான்காம் வகை. ‘அவருக்கு டைப்-4 கிடைத்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளின் விளையாட்டுத் தோழர்களைக்கூட அந்தப் படி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டால் ஒரே மூச்சில் இரண்டு பதில்கள் வரும். ‘மனுஷன் இருப்பானா இந்த ஊரில்’ என்பது முதல் பதில். ‘ஆனால் இங்கே கிடைத்தது வேறெங்கும் கிடைத்திருக்காது’ என்பது அடுத்தது. இந்த இரட்டை மனத்துக்குக் குளிரையும் வெயிலையும் புகையையும் காரணம் சொல்வது வழக்கம். அவையெல்லாம் மேலோட்டமான காரணங்கள். செய்யும் வேலையை வைத்தே ஒருவருக்கு இடம் கொடுக்கிற ஊர் இது. வேலை முடிந்த அன்று கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்டுவிடும். அந்த ஒப்பந்தம்தான் இங்கே வாழ்பவர்களின் மனத்தை இரண்டாக்குகிறது.

குமாஸ்தாக்கள் வந்த காலம்

தமிழர்கள் தில்லிக்குப் போனதே உத்தியோகத்துக்காகத்தான். புதிய தலைநகருக்கு ஆங்கிலம் படித்த, சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி ஆணைகள் வந்த 1920-களுக்குப் பிறகு, அரசு வேலையை நம்பியிருந்த பிராமணக் குடும்பங்கள் பலவற்றுக்கு வடக்கே போவது ஒரு வழியாகத் தெரிந்தது. 1929-ல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் அவர்களுடைய பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோல் மார்க்கெட்டை ஒட்டிய அரசுக் குடியிருப்புகளிலும் கரோல்பாக்கின் வாடகை வீடுகளிலும் இட்லி வெந்தது, மார்கழியில் பஜனை நடந்தது.

வந்தவர்கள் தங்களுக்கென்று நிறுவனங்களையும் கட்டிக்கொண்டார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் தொடங்கியது. ராமகிருஷ்ணபுரத்தின் குன்றில் 1973-ல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாத சுவாமி கோயிலை வடநாட்டவரும் ‘மலை மந்திர்’ என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். ‘கணையாழி’ இதழே தில்லியில்தான் பிறந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தில்லி நிருபராக இருந்த கஸ்தூரிரங்கன் அதை 1965-ல் தொடங்கினார்.

தமிழ் இலக்கியத்துக்குத் தில்லி கொடுத்த கொடை கொஞ்சமல்ல. தி. ஜானகிராமன் அங்கே அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். வெங்கட் சாமிநாதன் மத்திய அரசு ஊழியர். க.நா.சு. தம் பிற்காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து தில்லியில் வளர்ந்த ஆதவன், தேசியப் புத்தக அறக்கட்டளையில் வேலை பார்த்தார். மத்திய அரசு அதிகாரி ஒருவரின் குடும்பத்தை நடுவில் வைத்து அவர் எழுதிய ‘காகித மலர்கள்’, தலைநகர வாழ்க்கையின் பாவனைகளைத் தோலுரித்த நாவல். ஒவ்வொருவரும் எதிரே இருப்பவரின் பதவிக்கு ஏற்ப ஒரு முகத்தை அணிந்துகொள்கிற உலகம் அது. இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திர பூமி’யும் அதிகார வட்டத்துக்குள் நுழைந்த தமிழ் இளைஞனையே பின்தொடர்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவர்களில் பலருக்கு மாதச் சம்பளமும் எழுத நேரமும் கொடுத்தது அரசாங்கம். அந்தச் சம்பளத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுதியது, அரசாங்க ஊரில் மனிதன் எப்படிப் பொய்யாகிறான் என்பதைப் பற்றி. தில்லியைத் திட்டும் தெளிவைத் தந்ததும் தில்லிதான்.

ஊரில் கிடைக்காதது

திட்டுபவர்களும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? சம்பளம் ஒரு காரணம். தில்லியின் தனிநபர் வருமானம் தேசியச் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதைவிடப் பெரிய காரணம், பார்வை விரிவது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் கோப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒருவர், இங்கே நாடு முழுவதற்குமான விதியொன்றின் வரைவைத் திருத்துகிறார். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் கிராமத்துப் பெண், காஷ்மீரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டபடி விவாதிக்கிறாள். தேசிய நாடகப் பள்ளியின் நாடக விழா, உலகப் புத்தகக் காட்சி, லோதி தோட்டத்தின் காலை நடை ஆகியவற்றுக்குப் பெரிய வருமானம் தேவையில்லை. 1956-ல் தொடங்கிய எய்ம்ஸ் மருத்துவமனையில் அமைச்சரும் பீகார் விவசாயியும் ஒரே மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடிகிறது, விவசாயி இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தாலும்.

இன்னொரு கொடையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. ஊரில் ஒருவருடைய தெருப்பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். தில்லியின் வீட்டுக்காரருக்குத் தமிழகத்தின் தெருக்கணக்கு எதுவும் தெரியாது. அவருக்கு எல்லோரும் ‘மதராஸி’தான். அந்தப் பொதுப்பெயர் சிலரைப் புண்படுத்துகிறது. ஊரில் காலங்காலமாக ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்தவருக்கோ அது மூச்சுவிடும் இடம். அலுவலக அடையாள அட்டையில் இருக்கும் பதவிப் பெயர் அவருடைய முதல் அடையாளமாகிறது. அவரைப் பொறுத்தவரை, பதவியை வைத்து மனிதரை அளக்கும் வழக்கம் பிறப்பை வைத்து அளக்கும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மேல். தில்லியைப் பொத்தாம்பொதுவாக வெறுப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில், வடக்கே போன எல்லாத் தமிழரும் சாதியை ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போனதாகவும் சொல்ல முடியாது. கரோல்பாக்கில் வீடு கொடுத்த தமிழர்களும் குலம் கோத்திரம் கேட்டவர்கள்தான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

கணக்கின் மறுபக்கம் ஓய்வு பெறும் நாளில் தொடங்குகிறது. அரசு வீட்டில் பெயரளவு உரிமத் தொகை கட்டி இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம், ஓய்வுக்குப் பின் சில மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தவறினால் வாடகை பன்மடங்காகும். விதியில் குறை சொல்ல முடியாது. அடுத்து வரும் ஊழியருக்கு வீடு வேண்டும். ஆனால், அந்த வீட்டின் அக்கம்பக்கத்தில் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஓய்வூதியம் போதாது. வேப்பமரமும் பூங்காவும் சந்தையும் பக்கத்திலேயே பள்ளியும் என்று வாழ்ந்தவர்கள் துவாரகைக்கோ, மயூர் விகாருக்கோ, நொய்டாவுக்கோ நகர்கிறார்கள். வசதி குறைந்தவர்கள் இன்னும் தொலைவுக்குப் போகிறார்கள். சொந்த ஊரில் பாட்டன் வீடு பங்கு பிரிந்து போயிருக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறும்.

ஊருக்குத் திரும்பலாமா, இங்கேயே இருந்துவிடலாமா என்ற கேள்வி தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது வயதுக்கு மேல் தினசரிப் பேச்சு. கணவருக்குத் திருச்சி வேண்டும். மனைவிக்குப் பேரக்குழந்தை இருக்கும் குருகிராம் வேண்டும். பெரும்பாலும் குருகிராம் வெல்லும்.

வாழ்ந்த இடத்தைத் திரும்பிப் போய்ப் பார்க்கவும் பலருக்கு வழியில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீனிவாஸ்புரி, முகம்மத்பூர் ஆகிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டம் நடந்துவருகிறது. நௌரோஜி நகரில் ஊழியர் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது உலக வர்த்தக மையம் என்ற பெயரில் வணிகக் கட்டடங்கள். 2018-ல் இத்திட்டத்துக்காகப் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படவிருந்தபோது மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அல்ல. அந்த நிழலில் வளர்ந்து, அங்கே ஓர் அங்குலமும் சொந்தமில்லாதவர்களும் இருந்தார்கள்.

பத்து லட்சம் பேரின் வரிசை

இதுவரை சொன்னது பதவி கிடைத்தவரின் கதை. பதவிக்காகக் காத்திருப்பவருக்குத் தில்லி காட்டும் முகம் வேறு.

2024-ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வுக்கு 9,92,599 பேர் விண்ணப்பித்தார்கள். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்காணலுக்குப் போனவர்கள் 2,845. இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009. ஆயிரம் விண்ணப்பத்துக்கு ஒருவர். பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் ஆறு வாய்ப்புகள், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் ஒன்பது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வயதுவரை வாய்ப்புகளுக்கு வரம்பில்லை. ஒருவருடைய இருபதுகள் முழுவதையும் இந்தத் தேர்வு எடுத்துக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது.

அந்த இருபதுகள் கழியும் இடங்கள் ஓல்ட் ராஜிந்தர் நகரும் முகர்ஜி நகரும். முதலாவது, கரோல்பாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாட்டனார் குமாஸ்தாவாக வந்து இறங்கிய அதே வட்டாரத்தில், பேரன் கலெக்டராகும் கனவோடு அறை தேடுகிறான். கட்டிலும் மேசையும் போட்டால் நடக்க இடமில்லாத அறைக்கு மாதம் 15,000 ரூபாய், சில இடங்களில் அதற்கும் மேல். அதோடு தரகர் கமிஷன் வேறு. பயிற்சிக் கட்டணம் லட்சங்களில். அறையில் காற்றில்லாததால் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கத் தனியார் ‘லைப்ரரி’. அதற்கும் மாத வாடகை. இந்த உலகத்தை ‘ட்வெல்த் ஃபெயில்’ படம் நாடெங்கும் கொண்டுபோனது. வென்றவரின் கதையாக இருந்ததால் அதைக் கொண்டாட முடிந்தது.

2024 ஜூலை 27 அன்று ஓல்ட் ராஜிந்தர் நகரில் பெய்த மழையில், ஒரு பயிற்சி மையத்தின் நிலத்தடித் தளத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உத்தரப் பிரதேசம், தெலங்கானா, கேரளம் என்று ஆளுக்கொரு மாநிலத்திலிருந்து வந்தவர்கள். பொருள் வைக்கவும் வாகனம் நிறுத்தவும் அனுமதி பெற்ற தளம் அங்கே நூலகமாக நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, பக்கத்துப் பட்டேல் நகரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து மற்றொரு தேர்வர் இறந்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் முகர்ஜி நகரின் பயிற்சி மையமொன்றில் தீப்பிடித்தபோது மாணவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாட்டின் நிர்வாகத்தை நடத்தப்போகிறவர்களைத் தயார்செய்யும் தெருக்களில், கட்டட விதியையும் மழைநீர் வடிகாலையும் கவனிக்க நிர்வாகம் இல்லை.

தேறாதவர்கள் என்ன ஆகிறார்கள்? சிலர் மாநிலத் தேர்வுகளுக்குப் போகிறார்கள். சிலர் அதே பயிற்சி மையங்களில் விடைத்தாள் திருத்துகிறார்கள், பாடக்குறிப்பு எழுதுகிறார்கள், அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பார்களே என்ற பயமே பலரை அங்கே நிறுத்திவைக்கிறது. தோற்றவருக்குத் தில்லி கொடுக்கும் ஒரே சலுகை, யாரும் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதுதான்.

கூட வந்தவர்கள்

உத்தியோகத்துக்காக ஒருவர் தில்லிக்குப் போகும்போது, உத்தியோகம் இல்லாத மூன்று பேர் கூடப் போகிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்த மனைவி, மாற்றல் வந்ததும் வேலையை விடுகிறார். இந்தி தெரியாததால் புது வேலை எளிதில் அமைவதில்லை. உத்தியோகத்துக்குப் பேர்போன இந்தத் தலைநகரம், வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தில் நாட்டின் கடைசி வரிசையில் இருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். குடும்பத்தில் ஒருவருடைய வளர்ச்சிக்காக மற்றவரின் வளர்ச்சி நிறுத்திவைக்கப்படுவதும், இருட்டியபின் வெளியே போகத் தயங்குவதும் அதன் காரணங்களில் அடக்கம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் மிகுதியாகப் பதிவான பெருநகரம் தில்லி.

நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியும் வருகிறது. 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோ, பெண்கள் தொலைவான வேலைகளை ஏற்பதை எளிதாக்கியது. அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபரில் தில்லியில் தொடங்கியது. தமிழகம் அதை 2021-ல் நடைமுறைப்படுத்தியது.

காற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அளவுகோலே 500-ல் முடிகிறது; 400-ஐத் தாண்டினாலே ‘கடுமை’. பள்ளிகள் இணையத்துக்கு மாறின. அலுவலகங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். அலுவலக அறையிலும் பங்களாவிலும் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடியது. வாசலில் நின்ற காவலாளிக்கு முகக்கவசமும் இல்லை. சுவாசிக்கும் காற்றிலும் பதவி வரிசை வந்துவிட்ட ஊர், வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு தென்மாநிலத்துக்கு மாற்றல் கேட்டு எழுதும் பெற்றோர், பதவி உயர்வைத் தள்ளிப்போடவும் தயாராக இருக்கிறார்கள்.

வாய்க்கால் ஓரத்தில் இருந்த தமிழகம்

தில்லியில் இன்னொரு தமிழகமும் இருந்தது. 1960-களிலிருந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டார்கள். ‘மதராஸி கேம்ப்’ என்று பெயர் வந்தது. ஆண்கள் கூலி வேலைக்கும் பெண்கள் சுற்றுவட்டாரப் பங்களாக்களில் வீட்டு வேலைக்கும் போனார்கள். அதிகாரிகள் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டுமென்றால் இந்தப் பெண்கள் ஏழு மணிக்கு அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தாக வேண்டும். தலைநகரத்தின் உத்தியோகம் நடக்க இவர்களும் வேண்டும். பதவிப் பட்டியலில்தான் இவர்களுக்கு வகை எண் கிடையாது.

வாய்க்கால் அடைப்பை நீக்க வேண்டும் என்ற வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். முதல் கணக்கெடுப்பில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள் மட்டுமே. அந்த மாற்று வீடுகளும் நகரின் வடகோடியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். பாத்திரம் தேய்க்கும் வேலைக்கு அங்கிருந்து ஏழு மணிக்கு ஜங்புரா வந்து சேர முடியாது. பிள்ளைகள் படித்ததோ லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில். ஒரு காலத்தில் குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விக் கழகத்தின் வகுப்பறைதான், மலை மந்திர்த் தமிழகமும் மதராஸி கேம்ப் தமிழகமும் சந்தித்துக்கொண்ட அபூர்வமான இடம். இடிப்பு அந்த இழையையும் அறுத்தது. ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மூன்றாம் தலைமுறைக்கு எது ஊர் என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதல்ல.

யாருடைய ஊர்?

தலைநகரங்கள் நாட்டுக்குச் சொந்தம், அங்கே குடியிருப்பவர்களுக்கு அல்ல என்ற எண்ணம் தில்லிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டனில் வரி கட்டும் குடிமக்களுக்கு இன்றுவரை நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் கிடையாது. அந்த முறையீட்டை அவர்கள் தங்கள் கார்களின் எண் பலகையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தில்லியில் 1991-ன் அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு சட்டப்பேரவையும் முதலமைச்சரும் உண்டு. ஆனால், நிலம், காவல், பொது ஒழுங்கு மூன்றும் மத்திய அரசின் கையில். எங்கே வீடு கட்டலாம், எந்தக் குடிசையை எங்கே மாற்றலாம் என்பதை முடிவுசெய்யும் முழு அதிகாரம் அங்கே வாழ்பவர்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு இல்லை. வீட்டுச் சிக்கலுக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், மாநில அரசு, மத்திய அமைச்சகம் என்று மக்கள் அலைவது இதனால்தான்.

ஆகவே, தில்லியை விரும்புவதா வெறுப்பதா என்று தனிமனிதர்களை முடிவெடுக்கச் சொல்வதில் பயனில்லை. இரண்டு உணர்வுக்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. மாற வேண்டியது, பதவி இல்லாதவருக்கு இடமில்லை என்ற நூறாண்டுப் பழக்கம். அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது வணிக வளாகத்துக்கு ஒதுக்கும் நிலத்தில் ஒரு பங்கை ஓய்வு பெற்றோருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளருக்கும் வாடகை வீடுகளாகக் கட்ட முடியும். குடிசையை அகற்றினால் வேலைக்குப் போய்வரக்கூடிய தொலைவில்தான் மாற்று வீடு என்பதை விதியாக்க முடியும். பயிற்சி மையம் நடத்த உரிமம் கேட்பவரிடம் மாணவர் விடுதியின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கச் சொல்ல முடியும். இவற்றுக்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை.

தமிழக அரசுக்கும் இதில் பங்குண்டு. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இயங்குகிறது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களும், முதல்நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாயும் தரப்படுகின்றன. 2024 தேர்வில் வென்ற தமிழகத்தவரில் 50 பேர் இத்திட்டத்தில் பயன்பெற்றவர்கள் என்று அரசு அறிவித்தது. ராஜிந்தர் நகருக்குப் போகாமலே தேற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைத் தில்லிக்கு அனுப்பும் பெற்றோர் இதை முதலில் விசாரிக்க வேண்டும். எத்தனை முயற்சி, எந்த வயதுவரை, அதன்பின் என்ன என்பதையும் ரயில் ஏறுவதற்கு முன்பே பிள்ளையோடு பேசிவிட வேண்டும்.

தில்லி சாணக்கியபுரியில் தமிழ்நாடு அரசுக்கு இல்லங்கள் இருக்கின்றன. அமைச்சர்களும் அதிகாரிகளும் அங்கே தங்குகிறார்கள். நேர்காணல்வரை வந்துவிட்ட தமிழக மாணவர்களுக்கும் அங்கே அறை கொடுக்கப்படுகிறது, நல்ல ஏற்பாடு. நேர்காணல்வரை வராதவர்கள், முதல் வேலைக்காகத் தனியாக வந்து இறங்கும் பெண்கள், எய்ம்ஸ் வாசலில் நோயாளியோடு காத்திருக்கும் குடும்பங்கள் ஆகியோருக்கும் குறைந்த வாடகையில் ஒரு விடுதி வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக நகரங்களில் ‘தோழி’ விடுதிகளைக் கட்டிய அரசுக்கு இது புதிய வேலையல்ல. வரும் நிதிநிலை அறிக்கையில் தில்லிக்கும் ஒன்றை அறிவிக்கலாம். நரேலாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் லோதி எஸ்டேட் பள்ளிக்குப் போய்வர ஒரு பேருந்துக்கும் அதே அறிக்கையில் பணம் ஒதுக்க வேண்டும்.